முன்னால் வந்தால் இரண்டு

தாமதமாய் வந்தால் நொடிக்கு ஒரு புள்ளி.
முன்னால் வந்தால் இரண்டு.
இந்த விதியை மாதேசுக்கு
இன்னும் புரியவைக்க முடியவில்லை.

கொண்டலாம்பட்டியில் லேத் வைத்திருக்கிறான்,
பாலிடெக்னிக்கில் என் லேப் பார்ட்னர்.
நான் ஆத்தூர் ரோட்டு ஜவ்வரிசி ஆலையில்
கிழங்கு லாரிகளுக்கு எடைச்சீட்டு போடுகிறவள்.
கார் அவன் அண்ணனுடையது,
ஞாயிறு மட்டும் எங்களுடையது.
எண்ணூறு சிசி. பின்சீட்டில் ஜாக்கி, ஸ்டெப்னி,
தட்டுவடை செட் மடித்த எண்ணெய்க் காகிதம்.

முதல் ஞாயிறு மலை.
அடிவாரத்தில் ஏழு பதினேழுக்குக் கொடி விழுந்தது.
எங்கள் நம்பரும் பதினேழு, நல்ல சகுனம் என்றான்.
ஏழு மணியிலிருந்து
நிமிடத்துக்கு ஒரு காராய் விட்டால்
வேறெப்படி வரும் என்றேன்.

மடியில் ரூட் புத்தகம்,
கழுத்தில் தம்பி பள்ளியில் ஓடிய காலத்து ஸ்டாப்வாட்ச்.
கட்டம் கட்டமாய் அம்புகள்.
அம்பில்லாத கோடுகள் எல்லாம்
போகக்கூடாத ரோடுகள்.
சராசரி வேகம் முப்பத்திரண்டரை.

பன்னிரண்டாவது கொண்டை ஊசியில்
அரசுப் பேருந்து தன் முழு உடம்பையும்
திருப்பிக்கொண்டிருந்தது.
ஒதுங்கி நின்றோம்.
கண்டக்டர் தலையை நீட்டி, ரேஸா? என்றார்.
இல்லைங்க, கணக்கு என்றேன்.

போன நாற்பது நொடியைப் பிடிக்க
மாதேசு மிதித்தான் பாருங்கள்,
காப்பித் தோட்டத்து வேலிகள் பின்னால் சரிந்தன
ஏரி வந்ததும் தெரியவில்லை போனதும் தெரியவில்லை
போதும் பிடிச்சாச்சு போதும் என்று நான் கத்தியது
மூன்று வளைவு கழித்துத்தான்
அவன் காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

நாகலூர் தாண்டி, மூடுபனிக்குள்,
மடக்கு நாற்காலியில் ஸ்வெட்டர் போட்ட பையன்.
கையில் கடிகாரம்.
கண்ணில் பட்ட பிறகு நிற்கக் கூடாது.
அதுவும் விதி.
பத்தொன்பது நொடி முன்னால், முப்பத்தெட்டு புள்ளி.

குப்பனூர் இறக்கம் முழுக்க பிரேக் தீய்ந்து நாறியது.
நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
முப்பத்தொரு காரில் இருபத்தாறாம் இடம்.
கீழே டீக்கடையில் பஜ்ஜி சூடாய் இருந்தது என்பதையும்
சொல்லியாக வேண்டும்.

நடுவில் ஒரு வாரம்.
மாதேசு சீட்டுப் பணத்தை எடுத்து பிரேக் பேட் மாற்றினான்.
பூங்காவனம் எனக்குப் போன் செய்தாள்.
அடுத்த வாரமுமாக்கா?
அடுத்த வாரமும்தான்.
ஜெயிச்சா என்ன தருவாங்க?
கப்பு.
அதுல சாம்பாராவது ஊத்தலாமா?

இரண்டாம் ஞாயிறு சமவெளி.
ஓமலூர், தாரமங்கலம், ஜலகண்டாபுரம்,
முடிவு மேட்டூரில்.
புது நம்பர் ஒன்பது.
கதவில் உரித்தெடுத்த பதினேழின் பசையில்
தாரமங்கலம் வருவதற்குள் புழுதி ஏறி
பதினேழு மறுபடி எழுந்து வந்துவிட்டது.

அதனாலோ என்னவோ
சோளக்காட்டுக்கு நடுவே
நூல் பிடித்த மாதிரி போகும் ரோட்டில்
கொண்டை ஊசி, வலது! என்றேன்.
அவன் கால் தானாய் ஆக்சிலேட்டரை விட்டது.
எங்கடி ஊசி? என்றான்.
மலை இன்னும் என் வாயிலிருந்து இறங்கவில்லை.
சிரிப்பு அடங்கும்வரை கார் உருண்டது
மாட்டுவண்டி மாதிரி.

விசைத்தறிச் சத்தம் முடிகிற இடத்தில்
ஒரு புளியமரம்.
மறைவில் மடக்கு நாற்காலி.
அதே பையன், ஸ்வெட்டர் இல்லை.
கடிகாரத்தைப் பார்த்தான், சீட்டைப் பார்த்தான்,
கடிகாரத்தை ஒருமுறை உலுக்கிப் பார்த்தான்.

பூஜ்யம்.

எடைமேடையில் நான் தினமும் பார்க்கிற எண்தான்.
லாரி இறங்கிப் போனதும் வந்து நிற்கும்.
அன்றைக்கு அந்தச் சீட்டை வாங்கி
வியர்க்கிற கையில் வைக்காமல்
புத்தகத்துக்குள் வைத்தேன்.

அப்புறம் நங்கவள்ளி பக்கம் வழி தப்பி
நான்கு நிமிடம் தொலைத்தோம்.
அதை விரித்துச் சொல்ல மனசில்லை.
பதினெட்டாம் இடம்.

இருட்டிய பின் திரும்பினோம், சராசரி இல்லாமல்.
அடுத்த ஞாயிறு என்னால் முடியாது என்றேன்,
பெரியப்பா மகளுக்கு எடப்பாடியில் கல்யாணம்,
முகூர்த்தம் ஏழரையிலிருந்து ஒன்பது.
ஐந்து ரோடு சிக்னல் வரைக்கும்
மாதேசு வாய் திறக்கவில்லை.
பிறகு கேட்டான்:
எடப்பாடி உங்க வீட்டிலிருந்து
சரியா எத்தனை கிலோமீட்டர்?